கோடியில் எண்ணுவோரும் சதவீதத்தில் எண்ணுவோரும்

2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதி நிலைமை பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அட்டவணைகள் நிறைந்த தடித்த அறிக்கை. ஆனால் மறுநாள் ஊரெல்லாம் புழங்கியது ஒரே ஒரு எண்தான்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாயை 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் வருகிற எண் அது. பத்தாண்டு ஆட்சியை முடித்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போயிருந்த அதிமுக தரப்பின் பதில் வேறு மாதிரி இருந்தது. கடன் வாங்காத மாநிலம் எது, நாங்கள் வாங்கியது வரம்புக்கு உட்பட்டதுதான் என்றார்கள்.

2025 மார்ச் 14க்கு வாருங்கள். தங்கம் தென்னரசு 2025-26க்கான நிதிநிலை அறிக்கையைப் படிக்கிறார். 2026 மார்ச் 31ஆம் தேதி மாநிலத்தின் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும். மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் அது 26.07 சதவீதம், நிதிக்குழு வகுத்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார். (அந்த வாரம் முழுக்கச் சண்டை இந்த எண்ணைப் பற்றி நடக்கவில்லை. நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதில் ‘ரூ’ போட்டது சரியா தவறா என்பதில்தான் தொலைக்காட்சிகள் தொண்டை வறளக் கத்தின.) அதே 2.16 கோடி குடும்பங்களை வைத்துக்கொண்டு கைபேசியில் வகுத்துப் பார்த்தேன். குடும்பத்துக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் வருகிறது. 2021இல் அவ்வளவு பிரபலமான அந்தக் கணக்கை இந்த முறை ஆளுங்கட்சி போடவில்லை. எதிர்க்கட்சி போட்டது.

எதிர்க்கட்சி கோடியில் எண்ணும், ஆளுங்கட்சி சதவீதத்தில் எண்ணும். கட்சிகள் கடனைப் பற்றிப் பேசுவதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சூத்திரம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இருக்கை மாறினால் அளவுகோலும் கைமாறும்.

இரண்டு அளவுகோலும் பொய்யில்லை. விலைவாசியும் வருமானமும் ஏறுகிற ஊரில் கடன் தொகை ஏறுவது இயல்பு. சதவீதம்தான் சரியான ஒப்பீடு என்று ஆளுங்கட்சி சொல்வது பொருளாதாரப் பாடப்படி சரி. 2021இலும் கடன் விகிதம் ஏறக்குறைய 27ஐச் சுற்றித்தான் இருந்தது, ஆகவே பெரிய மாற்றமில்லை. ஆனால் 26 சதவீதம் என்றதும், ஆண்டுக்கு நாலு லட்சம் சம்பாதிப்பவர் ஒரு லட்சம் கடன் வைத்திருப்பது போல ஒரு படம் மனதில் விழுகிறதே, அது தப்பு. மாநில மொத்த உற்பத்தி என்பது நம் எல்லோருடைய வருமானமும் சேர்ந்தது, அரசின் வருமானமல்ல. அரசுக்கு 2025-26இல் வரும் என்று போட்டிருக்கிற வருவாய் 3,31,569 கோடி. அதோடு வைத்துப் பார்த்தால் கடன் 2.8 மடங்கு. வட்டிக்கு மட்டும் 70 ஆயிரம் கோடி போகிறது. வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு. மேடையில் அதிகம் அடிபடாத அளவுகோல் இது. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, கடனைப் பற்றி உண்மையிலேயே வேறுவிதமாக நடந்துகொண்ட கட்சி எதுவும் இல்லையா? ஒரே ஒரு முறை இருந்தது. அந்தக் கதை தமிழக அரசியல்வாதிகள் ஒருவருக்கும் மறக்கவில்லை.

2001இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, கஜானா காலி என்று அறிவித்தார். நிதியமைச்சர் பொன்னையன் அந்த ஆகஸ்டிலேயே வெள்ளை அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது வெறும் பேச்சல்ல. அரசு ஊழியர் சலுகைகள் வெட்டப்பட்டன. வசதியானவர்களுக்கு ரேஷன் பொருள் இல்லை என்று குடும்ப அட்டையில் ‘எச்’ முத்திரை விழுந்தது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள். மத்திய அரசுக்கும் முன்னதாக, 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். அந்த ஜூலையில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஒரே வீச்சில் சுமார் 1.70 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. அதே நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது.

2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே ‘எச்’ முத்திரை போனது, இலவச மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் ரத்தாயின. திரும்பி வராதவை இரண்டு: பழைய ஓய்வூதியமும், டாஸ்மாக் கடைகளுக்கு முந்தைய காலமும். அந்தக் கண்டிப்பால் கணக்கு சீரானதா என்றால், சீரானது. 2005-06இல் தமிழ்நாடு வருவாய் உபரி கண்டது, அதாவது அன்றாடச் செலவு போக வருவாயில் மிச்சம் நின்றது. ஓட்டு? அது தனிக் கணக்கு. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இங்கே செலவைக் குறைப்போம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டதில்லை.

அடுத்து வந்தது வண்ணத் தொலைக்காட்சி. 2006இல் திமுக தந்த வாக்குறுதி. கூடவே இரண்டு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி, ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி. இலவசத்தால் மாநிலம் திவாலாகிறது என்று சொல்பவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த ஆட்சியைத்தான். கணக்கைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 2006-07, 2007-08 இரண்டு ஆண்டுகளிலும் மாநிலத்துக்கு வருவாய் உபரி. தொலைக்காட்சிப் பெட்டி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை. 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி என்று அதிமுக அடுக்கியது. அப்போதும் 2011-12, 2012-13 உபரிதான். 2013-14இல்தான் வருவாய்ப் பற்றாக்குறை வந்தது. வந்தது வந்ததுதான், இன்னும் போகவில்லை.

அப்படியானால் எது இழுத்துவிட்டது? 2021 வெள்ளை அறிக்கையின் உருப்படியான பகுதி இதற்கான பதில்தான். குடும்பக் கடன் எண்ணின் இரைச்சலில் அது அடிபட்டுப் போனது. மாநிலம் தானாக வசூலிக்கும் வரி, மொத்த உற்பத்தியில் ஒரு காலத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தது; ஆறுக்குக் கீழே சரிந்துவிட்டது. பொருளாதாரம் வளர்ந்தது, வசூல் கூடவே வளரவில்லை. அடுத்தது மின்சாரமும் பேருந்தும். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.36 ரூபாய் நட்டம் என்றது அந்த அறிக்கை. கட்டணத்தை ஏற்றினால் ஓட்டுப் போகும். ஏற்றாவிட்டால் நட்டம் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கிலும் மின்வாரியத்தின் கணக்கிலும் குவியும். அரசின் கடன் பட்டியலில் அது வராது, அதனால் யாருக்கும் உறுத்தாது. என்றைக்காவது ஒருநாள் மொத்தமாக வரும். 2017இல் அப்படித்தான், மின்வாரியங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு கையெழுத்தில் கடன் விகிதம் குதித்தது. உயிரோடு இருந்தவரை ஜெயலலிதா அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் இளஞ்சிவப்பு முகப்பு வைத்த நகரப் பேருந்து ஒன்றில் ஏறினால் போதும். நடத்துநர் பெண்களுக்குப் பணம் வாங்காமல் ஒரு சீட்டுக் கிழித்துத் தருகிறார். பாட்டி அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்கிறார். இலவசம்தானே, சீட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சீட்டுத்தான் கணக்கு. போக்குவரத்துக் கழகம் அதை எண்ணி அரசிடம் பணம் கேட்கிறது; 2025-26இல் அதற்காக ஒதுக்கியது 3,600 கோடி. செலவு வெளிச்சத்தில் நிற்கிறது, சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். சீட்டே இல்லாமல் ஏற்றியிருந்தால் அதே பணம் கழகத்தின் நட்டமாக, வங்கிக் கடனாக எங்கோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கணக்கில் வைத்துக் கொடுத்த இலவசத்தைவிடக் கணக்கில் வராத சலுகைதான் ஆபத்து என்பது என் வாதம்.

கட்சிகளின் மெய்யான வேறுபாடு அவை புழங்கும் சொற்களில் தெரிகிறது. கருணாநிதி ஆட்சியில் அது ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சி. ஜெயலலிதா அந்தச் சொல்லைத் தொடவில்லை. ‘விலையில்லா’ அரிசி, ‘விலையில்லா’ மடிக்கணினி. கொடுப்பவர் தாய், அதனால் விலை பேச்சே இல்லை என்கிற தொனி. ஸ்டாலின் ஆட்சியில் அது ‘உரிமைத் தொகை’ ஆனது. மாதம் 1,000 ரூபாய் வீட்டில் உழைத்த உழைப்புக்கான பங்கு, தானம் அல்ல என்கிற வாதம். 2025-26இல் அதற்கு 13,807 கோடி. இந்த மாதிரிப் பணத்தைத்தான் பிரதமர் மோடி 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்து ஜாலோனில் பேசும்போது ‘ரேவடி’ என்றார். கோயிலில் விநியோகிக்கும் எள்ளு மிட்டாய். திமுக பார்வையில் படிப்புக்கும் உணவுக்கும் பெண் கைக்கும் போவது முதலீடு. பாஜக பார்வையில் சாலை, ரயில், துறைமுகம்தான் முதலீடு, மற்றது மிட்டாய்.

அந்தப் பார்வைக்கு ஏற்றபடியே தில்லியில் சட்டமும் மாறியது. நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2003இல் கொண்டுவந்தது வாஜ்பாய் அரசு. 2004இல் அமலுக்குக் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி அரசு. அதை முதலில் பெரிய அளவில் மீறியதும் அதே அரசுதான். 2008-09இல் உலக நெருக்கடி, விவசாயக் கடன் தள்ளுபடி, ஊதியக் குழு எல்லாம் சேர, நாட்டின் உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று போட்ட நிதிப் பற்றாக்குறை (கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்தத் துண்டு) ஆறு சதவீதத்தில் போய் நின்றது. 2018இல் பாஜக அரசு அந்தச் சட்டத்திலிருந்து வருவாய்ப் பற்றாக்குறை இலக்கையே எடுத்துவிட்டு, கடன் விகிதத்தையும் நிதிப் பற்றாக்குறையையும் மட்டும் வைத்துக்கொண்டது. கொரோனா ஆண்டில் பற்றாக்குறை 9.2 சதவீதம். பிறகு படிப்படியாக இறங்கி 2025-26இல் 4.4 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். இறங்கிய காலத்திலேயே மூலதனச் செலவு 2019-20இன் 3.36 லட்சம் கோடியிலிருந்து 11.21 லட்சம் கோடி ஒதுக்கீடு வரை ஏறியது. பாஜக பெருமைப்பட்டுக்கொள்ள இதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்கு இறக்கினார்களே, அதற்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதை பாஜக ரேவடி என்று சொல்லவில்லை. பேருந்துச் சீட்டில் வராத காசும் கம்பெனி வரியில் வராத காசும் பற்றாக்குறையில் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். யாரிடம் வசூலிக்காமல் விடலாம் என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன. ஒரு தரப்பு பாட்டியிடம் வசூலிக்க வேண்டாம் என்கிறது. இன்னொரு தரப்பு, தொழில் முனைவோரிடம் குறைத்து வசூலித்தால் அவர் வேலை கொடுப்பார் என்கிறது. இரண்டு வாதத்துக்கும் ஆள் இருக்கிறது. ஒன்றை மட்டும் இலவசம் என்று அழைப்பதுதான் அரசியல்.

அந்த அழைப்பும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் 2023இல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயில் தொடங்கி 1,250 ஆக்கியதும், மகாராஷ்டிரத்தில் 2024இல் 1,500 கொடுத்ததும், தில்லியில் 2025 தேர்தலில் 2,500 என்று வாக்களித்ததும் பாஜகதான், அல்லது அதன் கூட்டணி. தமிழ்நாட்டில் 2021இல் திமுக 1,000 என்றதும் அதிமுக 1,500 என்றது, கூடவே துணி துவைக்கும் இயந்திரமும். கோடிக்கும் சதவீதத்துக்கும் உள்ள பழைய விதியும் பாஜகவுக்கு அப்படியே பொருந்தும். சென்னையில் அதன் தலைவர்கள் தமிழ்நாட்டின் ஒன்பது லட்சம் கோடியைச் சுட்டுகிறார்கள். தில்லியில் மத்திய அரசின் கடன் உற்பத்தியில் 56 சதவீதத்திலிருந்து 2031இல் 50ஐ ஒட்டி இறங்கும் என்று சொல்கிறார்கள்.

மாநிலக் கட்சிகளுக்கு இதில் ஒரு நியாயமான குறை உண்டு. அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவுப்படி, மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் அதன் சம்மதமில்லாமல் புதுக் கடன் வாங்க முடியாது. ஆண்டுக்கு மாநில உற்பத்தியில் 3 சதவீதம், மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் இன்னொரு அரை சதவீதம் என்று வரம்பு தில்லியில் நிர்ணயமாகிறது. தில்லிக்கு வரம்பு போட ஆளில்லை. அது வசூலிக்கும் செஸ், கூடுதல் தீர்வைகளில் மாநிலத்துக்குப் பங்கும் இல்லை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடியில் மத்தியப் பங்கு 2024 அக்டோபரில்தான் உறுதியானது. அதுவரை அந்தச் சுமை மாநிலத்தின் கடன் வரம்பைத் தின்றுகொண்டிருந்தது என்று திமுக அரசு சொன்னது சரியான புகார். கேரளத்தின் இடதுசாரி அரசு இதே சண்டையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது; 2024 ஏப்ரலில் அது ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அந்த அரசின் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான கிஃப்பி 2019இல் லண்டன் பங்குச் சந்தையில் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய் மதிப்பிலேயே விற்கும் கடன் பத்திரம்) விற்று 2,150 கோடி திரட்டியபோது, மணியடித்துத் தொடங்கிவைத்தவர் ஒரு கம்யூனிஸ்ட் முதலமைச்சர். கடன் கட்சிக் கொடியின் நிறம் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இரு திராவிடக் கட்சிகளும் வாய் திறக்காமல் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. 2003இல் தொடங்கிய அந்தச் சில்லறைக் கடைகள். 2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அடுத்த ஆண்டுக்குப் போட்டிருக்கும் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. கடையை மூடினால் பற்றாக்குறை இரட்டிப்பாகும் என்பது இரு கட்சிக்கும் தெரியும். தேர்தல் நெருங்கும்போது படிப்படியான மதுவிலக்கு நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடும் பாமக, மதுவை விட்டுவிட்டு மணலிலும் கிரானைட்டிலும் வருவாயைத் தேடலாம் என்று எழுதி வருகிறது. அந்த எண்கள் எனக்கு மிகைபோலத்தான் படுகின்றன. ஆனாலும் மாற்று வழி ஒன்றைத் தாளில் எழுதிப் போட்டதற்காக அவர்களைப் பாராட்டலாம். மற்றவர்கள் அதுவும் செய்வதில்லை.

கட்சியைவிட நாட்காட்டிதான் செலவைத் தீர்மானிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஜெயலலிதா 2011 மே மாதம் ஜெயித்தார்; நவம்பரிலேயே பேருந்துக் கட்டணமும் ஆவின் பால் விலையும் ஏறின. திமுக 2021இல் வந்தது, 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. எடப்பாடி பழனிசாமி 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணத்தை ஏற்றினார். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். கசப்பு எல்லாம் தொடக்கத்தில், இனிப்பு எல்லாம் கடைசியில்.

கடன் மட்டும் இந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. மாநில அரசுகளின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் விடுகிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள் வாங்குகின்றன. நம் எல்ஐசி பாலிசிப் பணமும் அதில் இருக்கும். பத்தாண்டுத் தவணை வெகுகாலமாக வழக்கம், இப்போது இருபது முப்பது ஆண்டுகளுக்கும் விற்கிறார்கள். 2025-26இல் தமிழ்நாடு 1,62,097 கோடி கடன் வாங்கத் திட்டமிட்டது. அதில் 55,845 கோடி பழைய கடனின் அசலை அடைக்க. பத்தாண்டுக்கு முன் ஜெயலலிதா அரசு விற்ற பத்திரங்களுக்கு ஸ்டாலின் அரசு பணம் கட்டியது, புதுப் பத்திரம் விற்று. அந்தப் புதுப் பத்திரத்தில் மாநிலத்தின் பெயரும் வட்டி விகிதமும் 2035 என்ற முதிர்வு ஆண்டும் இருக்கும்.